சற்று இடதுபக்கம் இழுக்கும்

மரச்சீனி எழுபத்தாறு மூடு, ஒரே ராத்திரியில்.
விடிந்துபோய்ப் பார்த்தால்
பந்தி முடிந்து இலை எடுக்காத கல்யாண வீடாய்க்
கிடந்தது விளை.
வன அலுவலகத்தில் படம் கேட்டார்கள்.
எடுத்துக்கொண்டு போனேன்.
இதில் பன்றி இல்லையே என்றார்கள்.

லைசென்சுக்கு நாகர்கோவில் நடை பதினொன்று.
வீட்டில் ஆண்கள் கிடையாதா என்று கேட்டார்
மேசைக்குப் பின்னால் இருந்தவர்.
உண்டு, குவைத்தில்.
அங்கிருந்து சுட்டால் இங்கே எட்டாது என்றேன்.
சிரிக்கவில்லை.
இரண்டு வருஷம் கழித்து
முத்திரை மட்டும் குத்தினார்.

கடையில் புதியதன் விலையைக் கேட்டு
மனசுக்குள் ரப்பர் ஷீட்டாக மாற்றினேன்.
ஒன்பது மாசம்.
அதில் மழைக்காலம் வெட்டே நடக்காது.
தொட்டுப் பார்க்கலாம் அக்கா, காசில்லை
என்றான் கடைப் பையன்.
தொடவில்லை.

ஒட்டுப்பால் எடுக்க வருகிற ஜெபசிங்தான் சொன்னான்,
களியலுக்கு மேலே ஏசுவடியான் வீட்டில்
ஒன்று சும்மா கிடக்கிறதென்று.

படுக்கை விரிப்பில் சுற்றிக் கொண்டுவந்தார்.
மூன்று பதினைந்து, பழைய சர்க்கார் கம்பெனி.
கட்டை ஒருமுறை விண்டுபோய்
அயனிப் பலகையில் புதிதாகச் செய்தது,
கட்டுமரக்காரன் கைவேலை.
நடுவில் மட்டும் ஓட்டை.
அடுக்களையிலிருந்து அவர் மனைவி கனகபாய்
அரிசி ஒட்டிய கையோடு வந்து
தாழ்ப்பாளை மேசைமேல் வைத்தாள்.
குழல் அவருக்கு, இது எனக்கு,
பதினாலு வருஷமாக இப்படித்தான்.

தூக்கு. இழு. தள்ளு. சாய்.
என் கோழிக்கூட்டுக் கொண்டியைவிட
லேசாக இருந்தது.
எண்ணெய் மணத்தோடு கொஞ்சம்
புழுங்கலரிசி மணமும்.

விலை சொன்னார்.
பேரம் பேச வாய் திறந்தவள்
மூடிக்கொண்டேன், அவ்வளவு குறைவு.
என்ன குறை இதில்?
சற்று இடதுபக்கம் இழுக்கும்.
எவ்வளவு?
ஐம்பதடிக்கு நாலு விரல்.
அளந்து பார்த்தீர்களா?
சாயா ஆறுது என்றாள் கனகபாய்,
என்னிடம் அல்ல.

தோட்டாக் கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
வாங்கியது இருபது, வெறுங்கூடு இருபது.
பன்றி, பன்றி, தவறியது, பன்றி
என்று வரிசையாக அவர் கையெழுத்து.
கடைசி வரியில்
அதே நீல மையில், சின்னதாக:
பன்றி அல்ல.
அதற்குப் பிறகு பக்கங்கள் வெள்ளை.

நான் கேட்கவில்லை.
அவரும் நோட்டைத் திருப்பி வாங்கவில்லை.
ஸ்டேஷனில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு
பெயர் மாற்றி எழுதி
வாடகை ஜீப்பில் கொண்டுவந்தேன்,
பள்ளத்தில் குதிக்கும்போதெல்லாம்
மடியில் அது ஒரு தூங்கும் பிள்ளையைப்போல் கனத்தது.
பீரோவில் குழல்.
தாழ்ப்பாளை எங்கே வைக்க என்று யோசிக்கவே இல்லை,
கை தானாக அரிசிப்பானைக்குப் போனது.

இன்றைக்கு மூன்று மணிக்கு எழுந்து
நெற்றியில் விளக்கைக் கட்டி
முதல் வரிசை மரத்தைக் கீறிச்
சிரட்டையை நிமிர்த்தும்போது
கிழங்கு விளையில் சரசரப்பு.
கீழே, கறுப்பாக, நாலைந்து.
இங்கிருந்து ஐம்பதடிதான் இருக்கும்.
அதற்கு அப்பால், அடுத்த தோட்டத்தில்,
மரத்துக்கு மரம் நின்று நின்று நகர்கிறது
செல்வினின் விளக்கு.

துப்பாக்கி வீட்டில்தான் இருக்கிறது.
ஆனாலும் கையை நீட்டி
ஒரு கண்ணை மூடி
பன்றிக்கும் விளக்குக்கும் நடுவே விரலை வைத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.

எடே செல்வினே!
விளக்கு நின்று என் பக்கம் திரும்பியது,
கண் கூசும் வெள்ளை வட்டம், முகமே இல்லை.
எங்கிருந்து பார்த்தாலும்
நானும் அவனுக்கு இப்படித்தான்.

நாளையிலிருந்து ரேடியோ வச்சுக்கிட்டு வெட்டு.
என்னத்துக்கு சித்தி?
பன்றிக்குக் கேட்கட்டும் என்றேன்.

நோட்டில் என் பக்கத்தில்
இன்னும் தேதி போடவில்லை.